வன்னிப் பிள்ளைகள் வேலையில் நிலைப்பதில்லையா?

03.02.2024

ஒரு வாசகர் எழுதியிருப்பது: "கிளிநொச்சியில் பத்து வருடமாகக் கட்டடப் பொருள் கடை நடத்துகிறேன். எங்கள் வன்னிப் பிள்ளைகள் எந்த வேலையிலும் மூன்று மாதம் நிற்பதில்லை. கொஞ்சம் கடுமையாகப் பேசினால் அடுத்த நாள் வரமாட்டார்கள். கடைசியாக வந்த பையன் தை மாதம் 11ஆம் திகதி வரை வேலை செய்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றுவிட்டான். கம்பனிகளிலும் இதே கதைதான் என்கிறார்கள். உழைக்கத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோமா?"

04.02.2024

மூன்று மாதத்தில் விட்டுப் போனவர்களுக்காக வாதாட எனக்குத் தகுதி இல்லை. நான் ஐந்து வருடமும் இரண்டு மாதமும் நின்றவன். ஏன் அவ்வளவு காலம் நின்றாய் என்பதுதான் என்னிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

2016 ஒக்டோபரில், ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரத்துக்குள் கிளை வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பேச்சு அந்த ஒன்றோடு முடிந்துவிடும், மற்றவை எல்லாம் நல்லவையாகிவிடும். 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த சனத்தின் பின்னாலேயே வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வன்னிக்குள் வந்தன. உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத என்னைப் போன்றவர்களுக்கு அரசாங்க வேலையை விட்டால் அவைதான் கதவு. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிய முதல் நாள் அம்மா படலை வரைக்கும் வந்து நின்று பார்த்தார்.

அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் காலை 7.30க்குக் கூட்டம் நடக்கும். முதலில் ஒரு தேவாரம் பாடப்படும். தேவாரம் முடிந்த கையோடு, முந்தைய நாள் இலக்கை எட்டாதவர்களின் பெயர்கள் வெள்ளைப் பலகையில் சிவப்பு மையினால் எழுதப்படும். பெயர் எழுதப்பட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கூட்டம் முடியும் வரை உட்காரக்கூடாது. முகாமையாளர் ஒவ்வொருவராகப் பார்த்து, "நீ எதற்காகச் சம்பளம் எடுக்கிறாய்?" என்று கேட்பார். அது பதில் சொல்வதற்கான கேள்வி அல்ல. பதில் சொன்னவர்கள் அடுத்த நாளும் நின்றார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பனான ஒருவரைப் பார்த்து, "உம்மைவிட வாசலில் கிடக்கும் நாய் பிரயோசனம், அது ஆள் வந்தாலாவது குரைக்கிறது" என்று அவர் சொன்ன அன்று, நாங்கள் பதினொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தரையோட்டில், மேசைக் காலுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் இருந்தது. அது எந்தப் பக்கம் வளைந்து எங்கே முடிகிறது என்பதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

04.02.2024, இரவு

மேலே 7.30 என்று எழுதியது சரியல்ல. நியமனக் கடிதத்தில் வேலை தொடங்கும் நேரம் 8.30. கூட்டம் 7.30. ஆனால் 7.15க்குப் பின்னர் வந்தவரின் பெயரும் சிவப்பில் ஏறும் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அது 7.15தான்.

09.02.2024

"இலக்கு இல்லாமல் எந்த வியாபாரமும் நடக்காது" என்று எழுதியிருக்கிறார்கள். சரி. நான் இலக்கைக் குறை சொல்லவில்லை. எங்கள் கிளையில் அதற்கு என்ன பொருள் இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்களிடம் நுண்கடன் எடுத்த ஐந்து பெண்கள் ஒரு குழு; ஒருவருக்கு மற்ற நால்வரும் பிணை. இப்படிச் சில குழுக்கள் சேர்ந்தது ஒரு சென்டர். கிழமையில் ஒரு நாள், குறித்த நேரத்துக்கு ஒரு வீட்டு முற்றத்தில் அவர்கள் கூட, நான் போய்க் கட்டுக்காசை, அதாவது கடன் தவணையை, வாங்கிக் கையொப்பம் இட்டு வர வேண்டும். என் சென்டர்கள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வரைக்கும் நீண்டு கிடந்தன. ஒவ்வொரு சென்டரிலும் பெண்களோடு நின்று படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படம் வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் அழைப்பு வரும்.

இதற்கு மேல் "சீரோ" என்று ஒன்று இருந்தது. மாத முடிவில் நிலுவை பூச்சியமாக இருக்க வேண்டும். ஆகாதவர் கிளைக்குத் திரும்பி வரக்கூடாது. எழுத்தில் எங்கும் இல்லாத சட்டம் இது. ஒரு பெண் கட்டவில்லை, மற்ற நால்வரிடமும் இல்லை, இரவு எட்டு மணி ஆகிவிட்டது என்றால் என்ன செய்வது? உத்தியோகத்தர் தன் பையிலிருந்து கட்டுவார். யாரும் அப்படிக் கட்டச் சொன்னதில்லை என்று நிறுவனம் சத்தியம் செய்யலாம், அது பொய்யாகவும் இராது. காசு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை என்பதுதான் அதன் விசேடம்.

2018 மார்ச் மாத முடிவில் எனக்கு 16,400 ரூபா குறைந்தது. நான் உயர்தரம் சித்தியடைந்ததற்காக அம்மா செய்வித்துத் தந்த அரைப் பவுண் மோதிரத்தை, எங்கள் கிளைக்கு நாலு கடை தள்ளியிருந்த அடகு பிடிக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்து பூச்சியம் காட்டினேன். ஏப்ரல் கூட்டத்தில் கைதட்டி, "சிறந்த உத்தியோகத்தர்" என்று எனக்குச் சான்றிதழ் தந்தார்கள். மோதிரம் மூழ்கிவிட்டது. சான்றிதழ் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்ட நல்ல தடித்த தாள் என்பதால் அம்மா அதனால் அரிசி வாளியை மூடுகிறார்.

17.02.2024

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்கள் வாசலில் இருட்டும் வரை குந்தியிருந்தவர்கள் இன்றைக்குத் தங்கள் கண்ணீரை எழுதுகிறீர்கள். எங்கள் கண்ணீரை யார் எழுதுவது?"

இந்தக் கேள்விக்கு ஒரு கிழமை பதில் எழுதாமல் இருந்தேன். மேலே இருக்கும் குறிப்புகளை மறுபடி வாசித்தபோது, அவற்றில் அந்தப் பெண்கள் எங்கும் பேசவில்லை என்பதைக் கண்டேன். நான் எழுதியதில் அவர்கள் கட்டாத காசாக மட்டுமே வருகிறார்கள். கிளை அவர்களைப் பார்த்த பார்வையையே இன்னும் என் கண்ணில் வைத்திருக்கிறேன் போலும்.

ஆகவே ஒன்றை எழுதுகிறேன். 2018 ஓகஸ்ட். மழை இல்லாமல் கிணறுகள் வற்றியிருந்த காலம். விசுவமட்டுக்கு உள்ளே, ஆண்துணை இல்லாத ஒரு வீடு. கிழமைக் கட்டு 1,150 ரூபா. பின்னேரம் ஐந்தரைக்குப் போனேன். அந்த அக்கா எனக்குக் கதிரை தந்தார், வெறுந்தேநீர் தந்தார், "தம்பி, கச்சான் வித்த காசு இன்னும் வரேல்லை, வாற கிழமை ரெண்டையும் சேர்த்துத் தாறன்" என்றார். நான் எழுந்து போகவில்லை. அவருடைய மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். ஆண் ஒருவன் முற்றத்தில் இருந்ததால் கதவைப் பாதி சாத்திக்கொண்டு படித்தாள். ஏழரைக்கு முகாமையாளர் அழைத்தார். காசு வரவில்லை என்றேன். "வராவிட்டால் அங்கேயே படு" என்றார்.

இதுவரை சொன்னவற்றில் என்மேல் இருப்பது பாதிப் பழிதான் என்று யாராவது இரங்கலாம். மிச்சத்தையும் கேளுங்கள். அந்த அழைப்பை நான் ஒலிபெருக்கியில் போட்டேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. காலையில் என் காதில் விழுந்த குரல் அந்த அக்காவின் காதிலும் விழட்டும் என்று தோன்றியது. அவர் எழுந்து, பக்கத்து வளவுக்குப் போய், இருபது ரூபாத் தாள்களும் குற்றிகளுமாகக் கொண்டுவந்து தந்தார். எட்டே முக்கால் ஆகியிருந்தது. நான் இரண்டு தரம் எண்ணினேன்.

18.02.2024

அதே 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைச் சில நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஒருவர் இலங்கைக்கு வந்து, கடன் வசூலிக்கிறவர்களால் பெண்கள் அனுபவிக்கும் துன்புறுத்தல்களைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். எங்கள் கிளையில் இரண்டு செய்திகளுக்கும் ஒரே எதிரொலிதான். "தள்ளுபடி என்ற சொல்லை எவராவது சென்டரில் உச்சரித்தால் அந்தக் கடனை அவரே கட்ட வேண்டும்" என்று காலைக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பெண்கள் வானொலியில் கேட்டுவிட்டு எங்களிடம் விசாரித்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும்.

02.03.2024

சட்டம் என்ன சொல்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வேலையை விட்ட பிறகுதான் நான் இவற்றைப் படித்தேன்; வேலையில் இருக்கும்போது படித்திருக்க வேண்டியவை.

கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு. நான் ஒரு கிழமையைக் கணக்குப் பார்த்தேன்: காலை 7.15 முதல் இரவு எட்டு வரை, ஆறு நாள். சாப்பாட்டை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் வைத்துச் சாப்பிட்ட அரை மணித்தியாலத்தைக் கழித்தாலும் 73 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு என்ற பேச்சே இல்லை. ஏனென்றால் எங்கள் எல்லோருடைய பதவிப் பெயரிலும் "நிறைவேற்று" (எக்ஸிகியூட்டிவ், அதாவது அதிகாரி தரம்) என்ற சொல் இருந்தது. மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்துக்கொண்டு ஆயிரம் ரூபாக் கட்டுக்காசு வாங்கப் போகிறவன் எதை நிறைவேற்றுகிறான் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

விடுமுறையிலும் ஏமாற்றினார்கள். வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் தற்செயல் விடுமுறையும் சட்டப்படி உண்டு. 2017இல் எனக்குத் தந்த வருடாந்த விடுமுறை 4 நாள் மட்டுமே.

05.03.2024

திருத்தம். மேலே 4 நாள் என்று நான் முறைப்பட்டது தவறு. தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தொலைபேசியில் விளக்கினார். முதல் வருடத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தைப் பொறுத்தே அடுத்த வருடத்தின் விடுமுறை அமையும்: மார்ச் முடிவதற்குள் சேர்ந்திருந்தால் 14, ஜூன் முடிவதற்குள் என்றால் 10, செப்டெம்பர் முடிவதற்குள் என்றால் 7, ஒக்டோபரிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு 4. நான் சேர்ந்தது ஒக்டோபரில். ஆறு வருடத்துக்கு மேலாக இந்த ஒரு விடயத்தில் நிறுவனத்தைத் தேவையில்லாமல் திட்டியிருக்கிறேன். அந்த நாலில் இரண்டைத்தான் எடுக்க விட்டார்கள் என்ற முறைப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

10.03.2024

கடை முதலாளி மறுபடி எழுதியிருக்கிறார்: "கம்பனி வேறு, கடை வேறு. நான் யாரையும் நிறுத்தி வைத்துப் பேசுவதில்லை. நடந்துகொண்டேதான் பேசுவேன்." சிரிப்பு வந்தது. இது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

23.03.2024

வெள்ளம் பற்றி நண்பர் ஒருவர் நினைவூட்டினார். 2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மாவையும் ஆட்டுக் குட்டிகள் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். 22ஆம் திகதி பௌர்ணமி, சட்டப்படி விடுமுறை. காலை 6.40க்கு வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "வருட முடிவுக்கு ஒன்பது நாட்களே உள்ளன. வெள்ளத்தைப் படம் எடுத்து அனுப்புவதை நிறுத்திவிட்டு, இன்றைய வசூல் திட்டத்தை அனுப்பவும்."

அந்தச் செய்திக்குக் கீழே பதினொரு பேரில் எட்டுப் பேர் பெருவிரல் அடையாளம் போட்டிருந்தோம். நான் பள்ளிக்கூட விறாந்தையில், ஈரச் சாரத்தோடு நின்று போட்டேன். என் சென்டர்ப் பெண்களில் பாதிப்பேர் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். ஒரு அம்மா என்னைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போனார். காசு கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். தண்ணீருக்குள்ளால் அம்மாவைச் சுமந்துகொண்டு வந்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன வித்தியாசம் என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்த கிழமையே காசு கேட்டுப் போனவனும் நான்தானே.

14.04.2024

அந்த வட்ஸ்அப் குழுவின் பெயர் "எங்கள் குடும்பம்". சொல்ல மறந்துவிட்டேன்.

28.04.2024

"முகாமையாளர் தெற்கிலிருந்து வந்தவரா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படி நம்பினால் வசதியாக இருக்கும் என்பது புரிகிறது. பிராந்தியத்துக்குப் பொறுப்பானவர் தெற்கிலிருந்து தொலைபேசியில் பேசியவர், கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்தன, அவை உண்மை. ஆனால் நாயோடு ஒப்பிட்ட அந்த முகாமையாளர் எங்களில் ஒருவர்தான். எங்களோடு அதே பாதையால் இடம்பெயர்ந்தவர், முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். கூட்டத்துக்கு முன்னர் தேவாரம் பாடியதும் அவரே, நல்ல குரல்.

அவரைப் பற்றி இப்போது எனக்கு இரண்டு எண்ணம் இருக்கிறது. எங்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன்னர், 6.45க்கு, அவருக்கு ஒரு தொலைபேசிக் கூட்டம் இருந்தது. நான் உதவி முகாமையாளராக உயர்ந்த பிறகு, 2020 தொடக்கத்தில் ஒருநாள் அதைக் கேட்க நேர்ந்தது. வடக்கின் எல்லாக் கிளை முகாமையாளர்களும் இணைப்பில் இருக்க, ஒவ்வொருவருடைய நிலுவையும் வாசிக்கப்பட்டது. எங்கள் முறை வந்தபோது அவர் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். தனியறை, கதவு சாத்தியிருக்கிறது, மறுமுனையில் இருப்பவரால் பார்க்க முடியாது. இருந்தும் நின்றார். சிங்களத்தில் திட்டு வாங்கி முடித்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, வெளியே வந்து, தேவாரம் பாடி, சிவப்புப் பேனையைக் கையில் எடுத்தார். அவர் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் அன்று நின்றுகொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 20இல் கொரோனாவுக்காக ஊரடங்குச் சட்டம் வந்தது. கடன் தவணைகளுக்கு அரசாங்கம் சலுகைக் காலமும் அறிவித்தது. வீதியில் யாருமில்லாத அந்த நாட்களில்தான் வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக இரவு ஒன்பது மணிக்குத் தூங்கினேன். திறந்த பிறகு முகாமையாளர் இரண்டு மாதம் நோயில் கிடக்க, காலைக் கூட்டத்தை நான் நடத்தினேன். சிவப்புப் பேனையைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். முதல் கிழமை நீலத்தில் எழுதினேன். பிராந்தியத்திலிருந்து, "பலகையின் படத்தை அனுப்பு, சிவப்பைக் காணவில்லையே" என்றார்கள். இரண்டாம் கிழமை சிவப்பில் எழுதினேன். முதலாவதாக எழுதிய பெயர், 2019 பெப்ரவரியில் சேர்ந்து, நானே சென்டர் நடத்தப் பழக்கிய ஒரு தங்கச்சியினுடையது. அவள் எழுந்து நின்று தரையைப் பார்த்தாள். எந்த இடத்தைப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

12.05.2024

எப்படி விட்டீர்கள் என்ற கேள்விக்கு: 2021 டிசெம்பரில், ஒரு மாத அறிவித்தல் கொடுத்து விட்டேன். வீரமாக ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வருடம் நிறையட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

பணிக்கொடை பற்றித் தெரியாதவர்களுக்கு: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். தானாக விலகினாலும் கிடைக்கும். எனக்குக் கடைசியில் 34,000 ரூபா, ஆகவே 85,000. "விலகல் கடிதம் கொடுத்தவனுக்கு ஏது பணிக்கொடை?" என்று கிளையில் சொன்னார்கள். முப்பது நாளுக்குள் கொடுக்காவிட்டால் தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஐந்து வருடத்தில் நான் அவர்களுக்குத் தமிழில் எழுதிய முதல் கடிதம். காசு மூன்றாம் கிழமை வந்தது.

சேமலாபம் (ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பு நிதி) ஒழுங்காகவே கட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: எங்கள் 8 சதவீதம், அவர்களின் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர்களின் 3 சதவீதம். தாளில் எல்லாம் சரியாக இருக்கும் இடத்தில்தான் மனிதரை நாய் என்று சொல்ல முடிகிறது. (இந்த வாக்கியம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தாளில் ஒன்றும் சரியில்லாத இடங்களிலும் சொல்கிறார்கள்.)

13.05.2024

விலகிய அன்று முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அங்கே எங்கள் கிளையின் வாகனமும் நின்றது; காலாண்டு இலக்குக்காக முகாமையாளர் நூற்றியெட்டு உடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். யாருடைய தேங்காயைப் பிள்ளையார் எந்தக் கணக்கில் வரவு வைத்தார் என்று தெரியவில்லை.

30.05.2024

மேலே சிவப்பில் எழுதினேன் என்று சொன்ன தங்கச்சி இந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டு என்னை அழைத்தாள். அவள் மகப்பேற்று விடுமுறை முடிந்து திரும்பியபோது அவளுடைய சென்டர்களைப் பறித்து, மல்லாவிக்கு அப்பால் இருக்கும் பழைய நிலுவைகளைக் கொடுத்திருக்கிறார்கள். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு இரவு ஏழு மணிக்குத் துணுக்காயில் நின்றிருக்கிறாள். 2023 டிசெம்பர் 14ஆம் திகதி, ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை முன்னால் வைத்து, "கையொப்பம் வைத்தால் நல்ல சேவைக் கடிதம் தருவோம்" என்றிருக்கிறார்கள். வைத்துவிட்டாள். அது விலகல் கடிதம் என்பது வீட்டுக்கு வந்து, தம்பியிடம் வாசிக்கக் கொடுத்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

2019 பெப்ரவரி முதல் 2023 டிசெம்பர் வரை: நாலு வருடமும் பத்து மாதமும். பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்துக்கு இரண்டு மாதம் குறைவு. தற்செயலாக இருக்கலாம். அவளோடு சேர்ந்த மற்ற இருவருக்கும் அதே மாதத்தில் அதே தற்செயல் நேர்ந்திருக்கிறது.

கட்டாயத்தின் பேரில் வாங்கிய விலகலை வேலைநீக்கமாகக் கருதும்படி தொழில் நியாய சபையிடம் கேட்கலாம். ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. வேலை பற்றிய நீண்ட விவாதங்களை வாசித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் யாருக்காவது இதேபோல் ஒரு திகதி ஓடிக்கொண்டிருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு நாட்காட்டியைப் பாருங்கள்.

06.06.2024

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. காலைக் கூட்டத்தைப் பற்றி யார் சாட்சி சொல்வார்கள் என்று சட்டத்தரணி கேட்டார். நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். "நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள்?" என்று கேட்டார். இரண்டு பக்கத்திலும் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

09.06.2024

இனிக் கடை முதலாளியிடம் வருகிறேன். நாலு மாதமாக அவருக்குப் பதில் கடன் இருக்கிறது.

ஐயா, உங்கள் முதல் வரிகளை மறுபடி வாசித்தேன். பையன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றுவிட்டான் என்கிறீர்கள். எங்கள் கிளையில் ஐந்து வருடத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான் நின்றார்கள். ஒரு காலையில் ஆள் வராது, தொலைபேசி எடுபடாது, நாங்களும் "சோம்பேறி" என்று சொல்லிவிட்டு அவனுடைய சென்டர்களைப் பிரித்துக்கொள்வோம். சொல்லிவிட்டுப் போக வேண்டுமானால் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். வேலை பாரமாக இருந்ததால் விட்டவர்களை நான் அதிகம் காணவில்லை. அவர்களில் பலர் இன்றைக்குக் கட்டார் வெயிலில் எங்களைவிடப் பாரமான வேலை செய்கிறார்கள். பத்துப் பேருக்கு முன்னால் வைத்துக் கேட்ட ஒரு சொல்லோடு படுத்து எழும்பி, மறுபடி அதே படியை ஏற முடியாமல்தான் விட்டார்கள். என்னால் அந்தப் படியை ஏற முடிந்தது. அது என் உறுதி என்று அப்போது நினைத்திருந்தேன். விசுவமட்டில் ஒலிபெருக்கியைப் போட்ட பிறகு அப்படி நினைக்கவில்லை.

உங்கள் கடையில் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எத்தனை பேருக்கு நியமனக் கடிதமும் சேமலாபமும் இருக்கின்றன என்று எழுதுவீர்களா? ஒரே ஒருவர் வேலை செய்தாலும் சேமலாபம் கட்ட வேண்டும் என்பதால் கேட்கிறேன். இன்னொன்று: அந்தப் பையன் தை மாதத்தில் பதினொரு நாள் வேலை செய்திருக்கிறான். அதற்குரிய சம்பளம்?

11.06.2024

அவர் மறைக்காமல் பதில் எழுதியிருக்கிறார், அதற்காக நன்றி. ஐந்து பேர், காலை ஏழரை முதல் இரவு ஏழரை வரை, இருவருக்குச் சேமலாபம் உண்டு, மற்ற மூவரும் "நிற்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்". பதினொரு நாள் சம்பளத்தைப் பற்றி: "வந்து கேட்டால் கொடுப்பேன். அவன் வரவில்லை."

வரமாட்டான், ஐயா. கடைசி நாளில் நீங்கள் நடந்துகொண்டே என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது; அவனுக்குத் தெரியும். பரந்தனில் ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் நிற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடையிலிருந்து சீமெந்து ஏற்றிய வாகனம் தினமும் அந்த வழியால் போகிறது.

16.06.2024

கொடுத்தனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். எத்தனை நாளுக்கு என்று எழுதவில்லை.